மாக்கின் சிலேட்டில் வரைந்த பிள்ளை

1950 ஜூன் 5, திங்கள்

விடியும் முன்பே மழை. குளச்சல் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். குடையில் ஒரு கம்பி ஒடிந்தது. சேலைக் கரை முழுக்கச் சேறு. தையல் வகுப்புக்கு ஆறு ஊசி, நாற்பது பிள்ளைகள். ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல மாதிரி போலத்தான் தெரிகிறது. சுற்றறிக்கை மலையாளத்தில் வந்தது. பாதி புரிந்தது, முழுவதும் புரிந்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

கருங்கல்லில் நாலு வருட ஹாஸ்டல் வாசம் முடிந்தது. இனி வீட்டுச் சாப்பாடு. அம்மைக்குச் சந்தோஷம், வெளியே காட்டவில்லை.

வீட்டில் மாக்கின் இருக்கிறாள். தம்பி அந்தோணி ரங்கூனில் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தவள். போன செப்டம்பரில் வந்தார்கள். ஜனவரியில் அவன் பம்பாய் துறைமுகத்தில் வேலை என்று போய்விட்டான், இவளை அம்மையிடம் விட்டுவிட்டு. அவன் இருந்தவரை அவன்தான் அவளுக்கு வாய். இப்போது வாய் இல்லை. தமிழைச் சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று அம்மை நினைக்கிறாள்.

"ஏட்டி, வெள்ளம் கோரு! வெள்ளம்! கோரு!"

நாலு வீட்டுக்குக் கேட்கிறது. இவள் வாளியை எடுக்காமல் அம்மையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ஒன்பது மாதத்தில் அவளுக்குத் தெரிந்த தமிழ்: மாமி, மைனி, வா, சோறு, வேண்டாம், ஏசுவே. அவ்வளவுதானா என்று மறுபடி எண்ணினேன். அவ்வளவுதான்.

ஜூன் 8, வியாழன்

மழை விடவில்லை. வள்ளம் எதுவும் கடலில் இறங்கவில்லை. மரச்சீனிக் கிழங்கும் கருவாடும்.

பரணில் பழைய சிலேட்டு கிடந்தது, ஒரு பக்கம் சட்டம் இல்லாமல். ஏன் தோன்றியதோ, அதில் ஒரு பானை வரைந்து மாக்கினிடம் நீட்டினேன். (இனி மா. என்று மட்டும். முழுப் பெயர் எழுதச் சோம்பல்.) "பானை" என்றேன். அவள் சிலேட்டைப் பார்த்தாள், அடுக்களையைப் பார்த்தாள். "பானை." தெளிவாகச் சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அம்மை ஐந்து மாதம் பானையைத் தட்டித் தட்டிக் கத்தியதற்குப் படியாத சொல்.

எனக்கு வரையத் தெரிந்தது தலையணை உறையில் போடுகிற பூவும் கொடியும்தான். அதனால் எல்லாமே பூவேலை போல வருகிறது. இன்று வரைந்தவை:

பானை – சரி.
குடை – காளான் என்று நினைத்தாள் போல. முகர்ந்து பார்க்கிற மாதிரி சைகை.
தென்னை – சரி.
அம்மை – சிரித்தாள். அம்மைக்குத் தெரியவேண்டாம்.
மீன் – வால் கொடி மாதிரி சுருண்டுவிட்டது. ஆனாலும் கண்டுபிடித்தாள். "ஙா" என்றாள்.

அவள் ஊரில் மீனுக்கு "ஙா" போலிருக்கிறது. ங-வில் தொடங்குகிற சொல்! அரிச்சுவடியில் ங-வுக்குப் போடப் படம் கிடைக்காமல் காலகாலமாகத் திண்டாடுகிறார்கள். பர்மாவில் அது கடல் நிறைய நீந்துகிறது.

ஜூன் 14, புதன்

தினம் சாயங்காலம் அரைமணி. அறுபது சொல் ஆகியிருக்கும். எல்லாம் சரியாகப் போய்ச் சேருகிறதா என்பதுதான் தெரியவில்லை.

இன்று மத்தியானம் மா. அடுக்களையில் வந்து நின்று "பசு, பசு" என்றாளாம். அம்மை கம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடி, மழையில் நனைந்து, வேலி முழுக்கத் தேடி, ஒரு மாட்டையும் காணாமல் திரும்பி வந்திருக்கிறாள். இவள் அதே இடத்தில் வயிற்றைத் தொட்டபடி "பசு".

பசிக்கு. நான் நேற்றுச் சொன்னது அது. அதற்கு முந்தின நாள் மாடு வரைந்தது.

அம்மை: "நல்லாப் படிப்பிச்ச நீ. எனக்க மேலு நனைஞ்சதுதான் மிச்சம்."

வரைய முடியாதவை (பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும்): நேற்று. ஏன். பரவாயில்லை. மெதுவா. எனக்குத் தெரியாது.

இவை இல்லாமல் ஒரு மனுஷி எப்படிப் பேசுவாள்?

ஜூன் 20, செவ்வாய்

அந்தோணியின் கடிதம். சுகம், வேலை, பம்பாய் மழை. அவனுக்குப் பர்மாப் பேச்சு வரும், எழுத வராது. மா.வுக்கோ எழுத்தே தெரியாது, எந்தப் பாஷையிலும். அதனால் இவளுக்கென்று எப்போதும் ஒரு வரிதான் வரும், 'சுகமாக இருக்கச் சொல்லு' என்று. இந்தத் தடவை வேறு: "மாக்கினிடம் 'அடுத்த கப்பல்' என்று மட்டும் சொல்லு. அவளுக்குப் புரியும்."

என்ன புரியும்? எனக்குப் புரியவில்லை.

கப்பல் வரைந்தேன். புகை போட்டேன். ஒரு கப்பலுக்குப் பின்னால் இன்னொன்று, இரண்டாவதைத் தொட்டு, "அந்தோணி சொன்னான். இது" என்றேன். மா. சிலேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு "தமீ, தமீ" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

அம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், புருசன நெனச்சு அழுதா. நீ அவனத் தம்பி தம்பிங்குத. அதக் கேட்டு இவளும் தம்பிங்கா."

இருக்கும். நான் வாய்க்கு வாய் தம்பி என்றுதான் சொல்கிறேன்.

ஜூன் 22, வியாழன்

குழப்பம். அவள் சொல்வது அந்தோணியை அல்ல.

இன்று சாக்கட்டியை என் கையிலிருந்து வாங்கி அவளே வரைந்தாள், முதல் தடவை. கப்பல். அதற்கு இந்தப் பக்கம் ஒரு பெண், அது அவள். அந்தப் பக்கம் சின்னதாக ஓர் ஆள். உச்சியில் குடுமி. கன்னம் இரண்டிலும் வட்டம். அதைத் தொட்டு, "தமீ".

குடுமி வைத்த பையன்! தம்பி! அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான்!

ஆனால் யாரும் இல்லாதவள், அனாதை என்றல்லவா அந்தோணி சொன்னான்? கல்யாணமாகாத குமரு, நாதியில்லாமல் நின்றது, கோயிலில் வைத்துத் தாலி கட்டினேன் என்று. அம்மையிடம் கேட்டேன். "அவனுக்குச் சொல்ல விட்டுப்போயிருக்கும்" என்றாள்.

மா. அந்தச் சின்ன ஆளைக் காட்டி "ஙா" என்றும் சொன்னாள். மீன். அப்படியானால் தம்பி மீன் பிடிக்கிறவன். அம்மைக்கு இதில் ரொம்பத் திருப்தி. "அவளும் கடக்கரைக்காரியாக்கும். நம்ம சாதி சனந்தான்."

கன்னத்து வட்டம் என்ன? பெரியம்மைத் தழும்பா? கேட்க வழி இல்லை. தழும்பாக இருந்தால் பாவம்.

"தமீ இல்ல. தம்பி" என்று திருத்தினேன். உதட்டைச் சேர்த்துக் காட்டினேன். ம்-பி. அவள் தலையை ஆட்டினாள், "தமீ" என்றாள். "தம்பி" என்றேன் நான். ஏழெட்டு தடவை. கடைசியில் வந்துவிட்டது. "என் தம்பி." அவளாகவே தொடர்ந்தாள்: "என் தம்பி ரங்கூன்."

அவள் சொன்ன முதல் முழு வாக்கியம்.

ஜூலை 2, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் மா.வைச் சுற்றிக்கொண்டார்கள். "பேசுதாளாமே! என்ன பேசுவா, சொல்லச் சொல்லு." மா. எல்லோரையும் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "என் தம்பி ரங்கூன். கப்பல். வரும்." எல்லோரும் கை தட்டாத குறை. எனக்குப் பெருமை. ஒளிக்காமல் எழுதுகிறேன், பெருமைதான்.

ஆனால் சாயங்காலம் சிலேட்டில் அவள் வரைந்தது மனசில் உறுத்துகிறது. அதே குடுமி. பெண்ணின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறது. பெண்ணின் கை அதன் தலையில். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் "தம்பி தூங்குது" என்றேன். "தம்பி தூங்குது" என்றாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்த விதம்... நான் எதையோ தவறாகச் சொல்லிவிட்டேன், அவள் மரியாதைக்காகத் திருப்பிச் சொல்கிறாள் என்பது போல.

என் நினைப்பாக இருக்கலாம்.

ஊசி: பன்னிரண்டு ஆக்கித் தருவதாக ஹெ.மி. சொன்னார்கள். பார்ப்போம்.

ஜூலை 22, சனி

மழை ஓய்ந்து வெயில். எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

பூவேலை நூல் வாங்கச் சந்தைக்குப் போனேன். நோன்புப் பெருநாள் கழிந்து காதர் சாயிபு ஜவுளிக்கடை திறந்திருந்தார். மா.வையும் கூட்டிப் போனேன், 'நூல், கத்திரி, துணி' எல்லாம் நேரில் காட்டலாமே என்று. சாயிபு மேசைமேல் வட்டமாக ஒரு வெற்றிலைப் பெட்டி. சிவப்பும் கறுப்புமாகப் பளபளவென்று சித்திரவேலை. மா. அதைப் பார்த்ததும் ஏதோ ஒரு சொல் சொன்னாள். சாயிபு நிமிர்ந்தார். அதே மாதிரிச் சத்தத்தில் அவரும் ஏதோ சொன்னார்.

அவர் பதினைந்து வருடம் பர்மாவில், மோல்மேனில் கடை வைத்திருந்தாராம். எங்களுக்கு யாருக்கும் தெரியாது. அரைக் காதத் தூரத்தில் இருந்திருக்கிறார்.

மா. பேசினாள். அரைமணி நேரம் இருக்கும். நான் நூல்கண்டைப் பிடித்தபடி நின்றேன். அவள் இவ்வளவு பேசுகிறவளா? கையை ஆட்டி, குரலை மாற்றி, யாரையோ போலப் பேசிக் காட்டி. சாயிபு ஒரு இடத்தில் சத்தமாகச் சிரித்தார். அவள் வேடிக்கையாகப் பேசுகிறவள்! ஒன்றரை மாதமாக நான் வைத்திருந்தது ஊமைப் பிள்ளை ஒன்றை. பானை, குடை, மாடு என்று. இவள் யாரோ வேறு ஒருத்தி.

பிறகு அவள் குரல் இறங்கியது. சாயிபு சிரிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இவளுக்க பிள்ளைய எப்பக் கூட்டிட்டு வருவியன்னு கேக்கா."

"எந்தப் பிள்ளை?"

"மவ. தமீன்னா அந்தப் பாசையில மவளாக்கும். பொம்பளப்பிள்ள. நூநூன்னு பேரு. முதல் புருசனுக்குப் பிறந்தது. அவன் சண்டையில குண்டு விழுந்து செத்துப்போனான். பிள்ள இவளுக்க சித்திக்காரிகிட்ட நிக்கி. அடுத்த கப்பல்ல கூட்டிட்டு வாறேன்னு சொல்லித்தான் உங்க தம்பி இவளக் கப்பலேத்தியிருக்கான்."

"தம்பின்னுல்லா நெனச்சேன். மீன் பிடிக்கிறவன்னு..."

"மீனா?"

"ஙான்னு சொன்னாளே."

"ஙான்னா மீனுந்தான், அஞ்சுந்தான். பிள்ளைக்கு வயசு அஞ்சு."

குடுமி அங்கே பெண்பிள்ளைகளுக்கும் உண்டாம். கன்னத்து வட்டம் தழும்பில்லை. ஒரு மரப்பட்டையைச் சந்தனம் போல அரைத்துப் பூசுவார்களாம், வெயிலுக்கு.

"இவ என்ன கேக்கான்னா," என்றார் சாயிபு, "எம்மவள ஏன் தம்பி தம்பின்னு சொல்லச் சொல்லுதிய, உங்க ஊருல மவளுக்கு அதான் பேரான்னு கேக்கா."

நூலுக்கு என்ன நிறம் சொன்னேன் என்று நினைவில்லை. வீட்டில் வந்து பிரித்தால் எல்லாம் பச்சை.

ஜூலை 23, ஞாயிறு

பூசையில் மனசு நிற்கவில்லை. கோயில் வாசலில் பெண்கள், "தம்பி வந்தாச்சா?" என்று அவளைக் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் செபமாலையைப் பார்த்தேன்.

ஒரு மாதம். பெற்ற பிள்ளையைத் தம்பி என்று சொல்ல வைத்து, சரியாகச் சொன்னபோது தட்டிக் கொடுத்திருக்கிறேன். அவள் மாற்றிச் சொன்னபோதெல்லாம் திருத்தியிருக்கிறேன். அவள் சொன்னதுதான் சரி.

யார்மேல் கோபம்? அந்தோணிமேல். ஆனால் அவன் ஏன் செய்தான் என்றும் தெரியும். அம்மை மகனுக்குக் குமரு கிடைத்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவள். பிள்ளையோடு ஒரு விதவையை வாசலில் கொண்டு நிறுத்தியிருந்தால்? தெரியாது. எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

அம்மையிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தோணிக்கு எழுதினேன். இரண்டு தாளைக் கிழித்துப்போட்டேன். மூன்றாவதில் நாலே வரி.

சாயங்காலம் சிலேட்டு. பெண், மடியில் குடுமி. "மகள்" என்றேன். அவள் உடனே சொல்லவில்லை. மைனி இதையும் நாளைக்கு மாற்றுவாளோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருக்கலாம். பிறகு, "மகள்?" என்றாள். "மகள்" என்றேன். ள் நன்றாக வருகிறது.

ஆகஸ்ட் 9, புதன்

பம்பாய்க் கடிதம். பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதச் சொல்லியிருந்தேன். ஓய்வறையில் படித்தேன்.

அக்கா மன்னிக்க வேண்டும். அம்மையிடம் சொல்லப் பயம். தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டான். மாக்கினுக்கு அவன்தான் வாக்குக் கொடுத்தது, மறக்கவில்லை. பிள்ளையைக் கொண்டுவரலாம். ஆனால், "ஏற்கெனவே தம்பி என்றுதானே ஊரில் சொல்லியாயிற்று? தம்பி இல்லை, தங்கச்சி, இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று சொல்லிவிடு. தங்கச்சியாக வந்து இருக்கட்டும். யாருக்கும் மனவருத்தம் இல்லை."

படித்தவுடன் தூ என்று இருந்தது. ஐந்தாம் பீரியட் முழுக்க யோசித்தபோது அவ்வளவு மோசமில்லை என்று பட்டது. பிள்ளை வந்துவிடும். அம்மையின் தலை குனியாது. மா.வுக்குப் பிள்ளை கூடவே இருக்கும். ஒரு சொல்தானே? ஒரு சொல் மாறினால் என்ன?

எது சரி என்று தெரியாமல் ஒரு பிள்ளைக்குப் பொத்தான் துளையை இரண்டு தடவை பிரிக்கச் சொல்லிவிட்டேன். அது நன்றாகத்தான் போட்டிருந்தது.

ஆகஸ்ட் 10, வியாழன்

அவளைக் கேட்காமல் தீர்மானிக்க நான் யார்? சாயிபு திருநெல்வேலி போயிருக்கிறார். அதனால் சிலேட்டு.

மேலே ஒரு வயதான பெண். அவளுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள், பெரியது, சின்னது. பெரியதைத் தொட்டு "மாக்கின்". சின்னதைத் தொட்டு "நூநூ". "தங்கச்சி" என்றேன். "அந்தோணி சொன்னான். தங்கச்சி. அப்படின்னா, கப்பல், வரும்."

மா. நெடுநேரம் பார்த்தாள். வயதான பெண்ணைத் தொட்டு, "யார்?"

"உங்க அம்மா."

"அம்மா செத்து. நூநூ..." கையால் வயிற்றைத் தொட்டாள். "இங்க."

"தெரியும். ஆனா மாமிகிட்ட இப்படிச் சொன்னா..."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. விரலால் என் படத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தினமும் புதுப் படத்துக்குக் கேட்பது போலவே கேட்டாள்:

"மைனி, இது பேரு என்ன?"

சொன்னேன். "பொய்."

"பொய்" என்றாள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்தாள்.

வரைய முடியாதவை என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேனே, இந்தச் சொல் அதில் சேரும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வானம் மூடியிருக்கிறது, மழை இல்லை. கரையில் சாளை மீன் நிறைய. அம்மை பின்பக்கம் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் துணி. மா. அம்மைக்கு எதிரே போய்க் குந்தி உட்கார்ந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

"மாமி."

"என்னட்டி?"

"தம்பி இல்ல. மவளாக்கும். எனக்க மவ."

நான் சொல்லிக் கொடுத்தது 'என் மகள்'. இந்த 'எனக்க', 'ஆக்கும்' எல்லாம் எங்கே பிடித்தாள்? அம்மையிடமிருந்துதான். ஏழு மாதக் கத்தல் வீணாகப் போகவில்லை.

அம்மையின் கத்தி நின்றது. "பிலோமி, என்ன சொல்லுதா இவ?"

எவ்வளவு சுலபமாக இருந்தது! 'சொல் தெரியாமச் சொல்லுதா அம்மா' என்று சொன்னால் முடிந்தது. பசுவுக்கும் பசிக்கும் வித்தியாசம் தெரியாதவள்தானே? அம்மை நம்பியிருப்பாள். மா. என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தான் சொல்லுதா அம்மா" என்றேன். மீதியையும் சொன்னேன். எல்லாம்.

அம்மை மீதி மீனையும் அறுத்து முடித்தாள். கையைக் கழுவினாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். கறி யாரும் வைக்கவில்லை. பூனைக்கு நல்ல நாள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மாதா திருநாள். பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அம்மை நேற்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. மா. வழக்கம்போல வெள்ளம் கோரினாள், பெருக்கினாள், அம்மைக்கு முன்னால் சோற்றை வைத்தாள். அம்மை தொடவில்லை. வைத்ததை இவள் எடுக்கவும் இல்லை.

இன்று பூசைக்குத் தனியாகப் போய் வந்தாள். முக்காட்டை எடுக்காமலே என்னிடம்:

"அதுக்கு எத்தன வயசு?"

"அஞ்சு."

"அஞ்சு வயசுப் பிள்ளையக் கப்பலடியில விட்டுட்டு வந்திருக்கான். என்னப் பயந்தாட்டி? நான் என்ன பேயா?"

இல்லை என்று சொன்னால் அது எதில் சேரும்?

"சொல்லுட்டி."

"கூட்டிட்டு வந்திருந்தா என்ன செஞ்சிருப்பிய அம்மா?"

அம்மை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "வாரியலால அடிச்சிருப்பேன், அவன. அடிச்சிட்டு சோறும் போட்டிருப்பேன்."

அது உண்மையா, இப்போது சொல்லத் தோன்றியதா? அம்மைக்கே தெரியுமா?

மா.வைக் கூப்பிடவில்லை. ஆனால் அவள் வைத்த தட்டை இழுத்துச் சாப்பிட்டாள். சாயங்காலம் என்னை எழுதச் சொன்னாள், அந்தோணிக்கு: "பிள்ள வந்த பெறவு நீ வா. அதுக்கு முந்தி வராண்டாம்."

அப்படியே எழுதினேன். எழுத்துத்தமிழாக்கவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

சாயிபுவின் மச்சான் ரங்கூனில் கடை வைத்திருக்கிறான். இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறானாம். பிள்ளையைச் சேர்த்துக் கூட்டி வரச் சொல்லி எழுதலாம். ஆனால் விலாசம்? மா.வுக்குத் தெரு பெயர் சொல்லத் தெரிகிறது, அந்தப் பெயரில் எத்தனையோ தெரு உண்டாம்.

பூவேலை அச்சு எடுக்கிற மெல்லிய தாள் ஒன்று கொடுத்தேன். சாயிபு கடையில் உட்கார்ந்தே வரைந்தாள். கோயில் கூம்பு ஒன்று. அதிலிருந்து வாய்க்கால். மரப்பாலத்தில் ஒரு பலகை இல்லை, அதையும் விட்டு வரைந்தாள். புளியமரம். இரண்டாவது வீடு, ஏணி, ஏணியடியில் உரல். சித்தியின் முகம், இடது பக்கம் பல் இல்லாமல். எவ்வளவு வரைகிறாள்! என் பானையையும் குடையையும் பார்த்து மனசுக்குள் என்ன நினைத்திருப்பாள்?

சாயிபு தாளை மடிக்க மனமில்லாமல் சுருட்டினார். "இதுல வழி தப்ப முடியாது டீச்சர்."

செப்டம்பர் 10, ஞாயிறு

பதில் இல்லை. அங்கே சண்டை, ஆட்கள் இடம் மாறுகிறார்கள் என்று சாயிபு சொல்கிறார். அதை அவளிடம் அவர் சொன்னாரா, தெரியாது. கேட்கப் பயம்.

அம்மை: "பிள்ளைக்கு ஒரு சட்ட தச்சு வையி." "அளவு தெரியாம எப்படி அம்மா?" "பெத்தவகிட்டக் கேளு." 'பெத்தவ' என்ற சொல்லை அம்மை இப்போதுதான் முதல் தடவை சொல்கிறாள்.

மா. சுவரில் கரியால் ஒரு கோடு போட்டாள். என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. பிறகு அதற்கு மேலே ஒரு கோடு. பிறகு அதற்கும் மேலே. ஒரு வருடத்தில் எவ்வளவு வளரும்? நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. மூன்று கோட்டையும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்டோபர் 27, வெள்ளி

சாயிபு குடையை மறந்து மழையில் ஓடி வந்தார். மெட்ராஸிலிருந்து தந்தி. கப்பல் வந்துவிட்டது. பிள்ளையும்.

மச்சான் புறப்படும்போது போட்ட கடிதமும் இன்றே வந்ததாம். சித்தி வீடு மாறவில்லை. படத்தைப் பார்த்தே போயிருக்கிறார்கள். பாலத்தில் பலகையை இப்போது போட்டுவிட்டார்களாம். அதனால்தான் முதல் நாள் தாண்டிப் போய்விட்டார்களாம். காகிதத்தில் பிள்ளையைத் தங்கள் மகள் என்று எழுதித்தான் கப்பலேற்ற முடிந்ததாம். அதுவும் பொய்தான். இந்தப் பொய் எனக்கு உறுத்தவில்லை. ஏன் என்று யோசிக்க நேரமில்லை.

மா.விடம் சொன்னபோது அவள் அழவில்லை. முற்றத்தைப் பெருக்கினாள். பெருக்கிய முற்றத்தை மறுபடி பெருக்கினாள்.

அக்டோபர் 31, செவ்வாய்

நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டு. தூறல். திருநெல்வேலி பஸ் இரண்டு மணி நேரம் பிந்தியது. அம்மை வரவில்லை. "நான் வந்து எதுக்கு? சோறு ஆக்கி வைக்கேன்." ஆனால் விடியலிலேயே குளித்து நல்ல சேலை உடுத்திக்கொண்டிருந்தாள்.

நான் பயந்தது: பிள்ளை அடையாளம் தெரியாமல் அழும். அல்லது வரமாட்டேன் என்று கூட்டி வருகிற அந்த அம்மாவையே கட்டிக்கொள்ளும். இந்த ஊரில் அதற்கு ஒரு சொல் தெரியாது. எனக்கு அதன் பாஷையில் மூன்று சொல் தெரியும், அதில் ஒன்று மீனா ஐந்தா என்று இன்னும் சந்தேகம்.

பஸ் வந்தது. சாயிபுவின் மச்சான், அவர் மனைவி, மூட்டைகள். கடைசியில் அவள். குடுமி இல்லை, முடி வெட்டியிருந்தது. நான் நினைத்ததைவிட உயரம். படியில் நின்று கூட்டத்தைப் பார்த்தாள்.

மா. ஓடவில்லை. நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்தாள், சேற்றில். பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூட இல்லை. பிள்ளை இறங்கி மெதுவாக வந்தாள். ஒரு முழம் தள்ளி நின்றாள். நெற்றி, கன்னம், கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள், கொஞ்சம் கோபமாக.

மா. சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

"என்ன? என்ன சொல்லுதா?" என்று நான் அவள் தோளை உலுக்கினேன்.

அவள் பிள்ளையை விடாமல், என்னை நிமிர்ந்து பார்த்து, தமிழில் சொல் தேடினாள்.

"நீ கறுத்துப் போச்சுன்னு சொல்லுதா, மைனி."